கட்டணம் கேட்கும் மாதமும் களத்துமேடு நிறையும் மாதமும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்லூரியில் பயிலும் பிள்ளைகளுக்கு அரசு அளிக்கும் பொருளுதவிகளைப் பற்றி எளிய முறையில் எடுத்துரைக்க வேண்டும் என்று அறக்கட்டளையார் பணித்தார்கள். இது புராணப் பொருளன்று, இலக்கியப் பொருளுமன்று. ஆயினும் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் கல்விக்கு ஓர் இடம் வகுத்த மரபினர் கூடியுள்ள இவ்வவையில் இப்பொருள் அயலாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

அடியேன் பிறந்த ஊர் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து நெல்லைச் சாலையில் தெற்கே செல்வோர் காணும் சிற்றூர். கரிசல் மண்ணும் மானாவாரி வேளாண்மையுமே எங்கள் பக்கத்தின் அடையாளம். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் இரு பெரும் எழுத்தாளர்கள் பிறந்த ஊர் அது. இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். முன்னவர்க்கு 1970-ஆம் ஆண்டிலும் பின்னவர்க்கு 1991-ஆம் ஆண்டிலும் அவ்விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பையே நிறைவு செய்யாத கி. ரா. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பேராசிரியராக அமர்ந்தார். இதனை எடுத்துக்காட்டி, "படிப்பு இல்லாமலே உயரலாம்" என்று எங்கள் ஊரில் சிலர் சொல்வதுண்டு. ஒரு நூற்றாண்டில் ஓர் ஊரில் இருவர்க்கு வாய்த்ததை நம்பி மற்றப் பிள்ளைகளின் வாழ்வைத் திட்டமிட முடியாது. மற்றவர்க்குக் கல்லூரிதான் வழி. அவ்வழிக்குக் கட்டணம் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கத்திற்கும் உங்கள் மரபிற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கோவில்பட்டிக்கு அணித்தே கழுகுமலை இருக்கிறது. அங்கே பாறையில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அவற்றின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆசிரியர், அவர்தம் மாணாக்கர், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் ஆகியோரின் பெயர்களை அக்கல்வெட்டுகளில் காண்கிறோம். சமணர் உறையுளைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே இன்று தமிழர் அனைவர்க்கும் கல்விக்கூடத்தின் பெயராய் நிற்கிறது. அம்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் பணமின்மையால் தீப்பெட்டி ஒட்டும் வேலைக்குச் சென்றாள் என்று கேட்கும்போது மனம் வருந்தாமல் இருப்பதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம்.

பருவத்தின் முரண்

கரிசல் நிலத்து உழவர் கோடையில் நிலத்தைக் கிளறிப் போடுவர். ஆவணி, புரட்டாசியில் மழையை எதிர்பார்த்துப் புழுதி விதைப்புச் செய்வர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்தால் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தை, மாசியில் வீடு வந்து சேரும். பருத்தி அதற்கும் பின்னால் வரும். ஆக, ஓராண்டில் கையில் பணம் புழங்கும் காலம் தை முதல் பங்குனி வரை மட்டுமே. கல்லூரிக் கட்டணமோ ஆனியிலும் ஆடியிலும் கேட்கப்படுகிறது. அப்பொழுது வீட்டில் இருப்பது விதைக்கும் உரத்திற்கும் ஒதுக்கிய தொகைதான். அதை எடுத்துக் கட்டணம் செலுத்தினால் நிலம் தரிசாகும். விதைத்தால் பிள்ளையின் சேர்க்கை போகும்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடும்பங்களுக்கு மாதங்கள் சற்று மாறலாம், நெருக்கடி ஒன்றே. ஆகவே அரசு உதவிகளை ஆராயும்போது "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எப்பொழுது கிடைக்கும்?" என்றும் கேட்க வேண்டும். இவ்விரண்டாம் வினாவைக் கேட்காமல் போனதால்தான், உதவிக்குத் தகுதி இருந்தும் முதலாண்டின் நடுவில் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் காண்கிறோம்.

காலத்தை அளவுகோலாகக் கொண்டால் அரசு உதவிகள் நான்கு வகைப்படும். கட்டணத்தைத் தொடக்கத்திலேயே குறைப்பன முதல் வகை. மாதந்தோறும் கைக்கு வருவன இரண்டாம் வகை. ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் தாமதித்து வருவன மூன்றாம் வகை. திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் நான்காம் வகை. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வகை: கட்டணத்தைக் குறைப்பன

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை தமிழ்நாட்டில் 2010-11-ஆம் கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாதிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் மாணவர்க்கு இச்சலுகை உரியது. இதற்குச் சாதி வரையறை இல்லை. வருமான வரம்பும் இல்லை. இதனைப் பலர் அறியார். "நமக்கு எதுவும் கிடைக்காது" என்று விட்டுவிடுகின்றனர். மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. நிருவாக ஒதுக்கீட்டில் சேர்வோர்க்கு இது கிட்டாது. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பெறலாம். வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே பெற்றிருக்க வேண்டும். வீட்டில் இரு பிள்ளைகள் அடுத்தடுத்துக் கல்லூரி செல்வதாயின், யாருடைய படிப்பிற்கு இச்சலுகை மிகுதியாகப் பயன்படும் என்று பெற்றோர் முன்கூட்டியே அமர்ந்து பேச வேண்டும். மூத்தவர் பட்டம் பெற்றுவிட்டால் இளையவர்க்கு இவ்வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு மருத்துவக் கல்வியில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்கல்விகளில் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இது வழங்கப்படுகிறது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. கையில் ஒரு ரூபாயும் இல்லாத வீட்டுப் பிள்ளை மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆவதற்கு இன்று தமிழ்நாட்டில் உள்ள நேரான வழி இதுவே.

இரண்டாம் வகை: மாதந்தோறும் வருவன

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் அமைந்த புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்று, பட்டப் படிப்பு, பட்டயப் படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் சேரும் மாணவியர்க்கு, அப்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியர்க்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. அவ்விரிவாக்கம் எங்கள் மாவட்டத் தலைநகராகிய தூத்துக்குடியில் 2024 டிசம்பர் 30-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கு இணையாக மாணவர்க்கென வகுக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ஆம் நாள் கோவையில் தொடங்கப்பெற்றது, தொகை அதுவே.

மாதம் ஆயிரம் ரூபாய் சிறு தொகை என்று எண்ணற்க. இடைசெவலிலிருந்து கோவில்பட்டிக்கு நாள்தோறும் சென்று வரும் பெண்ணின் வழிச்செலவும், எழுதுபொருளும், தேர்வுக் கட்டணமும் இதனுள் அடங்கும். ஆண்டிற்கு 12,000, மூன்றாண்டுப் படிப்பிற்கு 36,000 ரூபாய் ஆகிறது. இதனினும் முதன்மையானது, அப்பணம் அவள் பெயரில் உள்ள கணக்கில் சேர்வது. "இந்த மாதம் கையில் காசில்லை, நின்றுவிடு" என்று வீட்டார் சொல்வதற்குரிய காரணம் ஒன்று குறைகிறது. பிற உதவித்தொகை பெறும் மாணவியர் இதனையும் கூடுதலாகப் பெறலாம் என்பது மாநில அரசின் விதி.

இங்கே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்விரு வகை உதவிகளின் தகுதி ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறோம். நல்ல நோக்கத்தோடுதான் மாற்றுகிறோம். ஆனால் அம்மாற்றத்தால் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் மாதாந்திர உதவியும் ஒருசேர நீங்குகின்றன. உதவித்தொகைக்காகவே பள்ளியைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் கூறவில்லை. இழப்பது இன்னது என்று அறிந்த பின் முடிவு செய்யுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் வகை: ஆண்டுக்கு ஒரு முறை வருவன

மத்திய அரசின் கல்வி அமைச்சகம் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்க்கென ஓர் உதவித்தொகை வழங்குகிறது. ஆண்டுதோறும் நாடு முழுவதும் 82,000 புதிய மாணவர்க்கு அது உரியது. அதில் பாதி மாணவியர்க்கு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. பட்டப் படிப்பிற்கு ஆண்டொன்றுக்கு 12,000 ரூபாயும், முதுகலைக்கு 20,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் வாரியத்தில் எண்பதாம் சதமான நிலைக்கு மேல் இருப்போரே தகுதியுடையர். இதனை எண்பது விழுக்காடு மதிப்பெண் என்று பலர் பிழையாகக் கொள்கின்றனர். தேறியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கினருள் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுவோர் இதனைப் பெறலாகாது என்பது இத்திட்டத்தின் விதி. ஆகவே இரண்டுக்கும் தகுதியுடைய பிள்ளை விண்ணப்பிக்குமுன் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேட்டுத் தெளிவு பெறுதல் வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல் புதுப்பித்துக்கொள்ள 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை. விதைப்பிற்கும் அறுவடைக்கும் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் இவ்வருகை விதியை மறவாதிருக்க வேண்டும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் வழங்கும் பிரகதி உதவித்தொகை மாணவியர்க்கு மட்டும் உரியது. அக்குழுமத்தின் ஒப்புதல் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பப் பட்டமோ பட்டயமோ பயிலத் தொடங்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். மாற்றுத்திறனாளி மாணவர்க்கு இதே தொகையில் சக்ஷம் என்னும் உதவித்தொகை உண்டு; பெற்றோரை இழந்தோர் முதலியோர்க்கு ஸ்வநாத் உண்டு. நடுத்தரக் குடும்பங்கள் "உதவித்தொகை நமக்கானதன்று" என்று ஒதுங்குவது வழக்கம். எட்டு லட்சம் என்னும் வரம்பைக் கேட்ட பின்னாவது அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் நலத்துறைகளும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் உதவித்தொகைகளை வழங்குகின்றன. இவற்றிற்குப் பொதுவாக வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். விண்ணப்பம் கல்லூரி வழியாக மாநிலப் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் தளத்தில் பதிவாகும். உங்கள் குடும்பத்தார் எப்பிரிவில் அடங்குவர் என்பதைச் சாதிச் சான்றிதழே முடிவு செய்யும்; பிறர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டா.

இனிச் சிறுபான்மையினர்க்கான உதவிகள். 2014-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மத்திய அரசு சமண சமயத்தாரை, தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின்கீழ் ஆறாவது சிறுபான்மைச் சமயத்தாராக அறிவித்தது. அதனால் சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் திட்டங்கள் தமிழ்ச் சமணர்க்கும் உரியன ஆயின. மெட்ரிக் பின்னர்க் கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2 லட்சம். தொழிற்கல்விக்கான தகுதி மற்றும் வருவாய் அடிப்படை உதவித்தொகைக்கு 2.5 லட்சம். முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. ஆயின் ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். இத்திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் சீராக நடைபெறவில்லை. ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் உதவியும், வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கான வட்டி மானியமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டன. எனவே ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை வலைத்தளத்தில் இத்திட்டம் திறந்துள்ளதா என்று பார்த்த பின்னரே இதனைக் குடும்பக் கணக்கில் சேர்க்க வேண்டும். திறந்திருந்தால் தவறவிடலாகாது, இல்லாத பணத்தை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது.

மூன்றாம் வகை உதவிகளின் பொது இயல்பு தாமதம். கல்லூரியிலும் துறையிலும் சரிபார்ப்பு முடிந்து பணம் வந்து சேரும்போது பெரும்பாலும் கல்வியாண்டு முடியும் தறுவாய் ஆகிவிடும். இது கட்டணம் செலுத்த உதவும் பணமன்று; செலுத்திய கட்டணத்தை ஈடுசெய்யும் பணம்.

நான்காம் வகை: கடன்

கல்விக் கடன் என்றதும் அஞ்சுவோரும் உளர். அளவின்றி வாங்குவோரும் உளர். இரண்டும் வேண்டா. ஒரு சிறு கணக்கைக் காண்போம். நான்காண்டுப் படிப்பிற்கு ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 10 விழுக்காடு எனக் கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆயின் தனிவட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். முதலாண்டு லட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி 50,000, இரண்டாமாண்டினதற்கு 40,000, மூன்றாமாண்டினதற்கு 30,000, நான்காமாண்டினதற்கு 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாய் ஆகியிருக்கும்.

அந்த 1,40,000 ரூபாய் வட்டியை அரசே ஏற்கும் திட்டம் ஒன்று 2009 முதல் உள்ளது. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டமாகிய அதன்படி, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்திற்கு உட்பட்டு, தொழில்நுட்ப, தொழிற்கல்வி பயில்வோர்க்கு அவ்விடைக்கால வட்டி முழுமையும் மானியமாகும். பத்தாண்டில் திருப்பிச் செலுத்துவதாயின், மானியம் உள்ளவர் மாதம் ஏறத்தாழ 5,300 ரூபாயும், இல்லாதவர் 7,100 ரூபாயும் கட்ட நேரிடும். வேறுபாடு மாதம் 1,800 ரூபாய். பத்தாண்டிற்கு இரண்டு லட்சத்திற்கு மேல். கடன் பெறும் நாளிலேயே வருமானச் சான்றிதழை வங்கியில் அளித்து மானியத்திற்குப் பதிந்துகொள்ளாதவர் இத்தொகையை இழக்கின்றார்.

2024 நவம்பர் 6-ஆம் நாள் மத்திய அமைச்சரவை பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. தரவரிசையில் சிறந்த கல்வி நிறுவனங்களில் சேர்வோர்க்குப் பிணையும் ஈடும் இன்றிக் கடன் வழங்குவது இதன் நோக்கம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்க்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு இடைக்காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. நீங்கள் சேரும் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதைச் சேர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் சமூகத்தார்க்குத் தனியே உரிய ஒரு வாயிலும் உண்டு. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், சுருக்கமாக டாம்கோ, தேசியச் சிறுபான்மையினர் நிதிக் கழகத்தின் நிதியைக் கொண்டு கல்விக் கடன் வழங்குகிறது. வருமானம் குறைந்தோர்க்கான முதல் திட்டத்தில் வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு. வருமானம் 8 லட்சம் வரை உள்ளோர்க்கான இரண்டாம் திட்டத்தில் மாணவர்க்கு 8 விழுக்காடு, மாணவியர்க்கு 5 விழுக்காடு. முன்னர்ச் சொன்ன கணக்கையே 3 விழுக்காட்டில் போட்டால் 1,40,000 ரூபாய் வட்டி 42,000 ரூபாயாகச் சுருங்குகிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் இதன் விவரங்களைப் பெறலாம். வங்கிக்கோ தனியார் நிதி நிறுவனத்திற்கோ செல்லுமுன் இவ்வலுவலகத்தின் படியேறுதல் நலம்.

எங்கே தவறுகிறது?

தகுதி இருந்தும் உதவி கிட்டாமைக்குக் காரணங்கள் பெரும்பாலும் சிறியன. ஆதார் அட்டையில் பெயருக்குப் பின் தந்தை பெயர் முழுமையாக இருக்கும். மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். கணினி இருவரையும் வெவ்வேறு ஆளாகக் கொள்ளும். வங்கிக் கணக்கு இருக்கும். ஆதாரோடு இணைக்கப்பட்டிராது, அல்லது நெடுநாள் பயன்படுத்தாமையால் முடங்கியிருக்கும். வருமானச் சான்றிதழ் சென்ற ஆண்டினதாக இருக்கும். விண்ணப்பத்தை மாணவர் அனுப்பியிருப்பார். கல்லூரியில் சரிபார்க்கப்படாமல் நாள் கடந்திருக்கும். இவற்றுள் எதுவும் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் அளவிற்குப் பெரிதன்று, ஆனால் நிறுத்தியிருக்கிறது.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழிலும் சமயம் என்னும் இடத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது? நயினார் என்னும் பட்டப்பெயர் பிறரிடத்தும் வழங்குவதால் பெயரைக் கொண்டு சமயத்தை எவரும் அறிந்துவிட முடியாது. பதிவேட்டில் சமணம் என்று இல்லையேல் சிறுபான்மையினர்க்கான விண்ணப்பம் அங்கேயே தடைப்படும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்பே இதனைச் சரிசெய்துகொள்ளுதல் எளிது.

உதவித்தொகை விண்ணப்பத்திற்கு அரசு கட்டணம் பெறுவதில்லை. "பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்போரிடம் ஆதார் எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டா.

அமெரிக்க நாட்டில் மாணவர் ஒரே விண்ணப்பத்தை நிரப்பினால் மத்திய அரசின் மானியம், கடன் யாவற்றிற்கும் அதுவே போதும். ஆஸ்திரேலியாவில் 1989 முதல், படித்தவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே கல்விக் கடனைத் திரும்பப் பெறும் முறை உள்ளது. நம் நாட்டில் வாயில்கள் பல; ஒவ்வொன்றிற்கும் திறவுகோல் வேறு; மூடும் நாளும் வேறு. நகரத்து மாணவர்க்கு இது தொல்லை. பெற்றோர் வயலில் இருக்க, தானே முதன்முதலாகக் கல்லூரி வாயிலைக் காணும் சிற்றூர்ப் பிள்ளைக்கு இது மதில்.

அறக்கட்டளையார்க்கு ஒரு விண்ணப்பம்

கல்விக்கென நிதி வைத்துள்ள அறக்கட்டளைகள் பரிசும் உதவித்தொகையும் வழங்கி வருகின்றன, அது தொடரட்டும். அதனோடு இரண்டு பணிகளை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, மே, சூன் மாதங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் உதவி மேசை. கல்லூரி முடித்த நம் இளைஞர் இருவர் ஒரு கணினியோடு அமர்ந்து, வரும் பிள்ளைகளின் ஆதார், வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வெத்திட்டத்திற்குத் தகுதி உண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். சமயம், சாதி பாராமல் ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் இது திறந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒரு கைமாற்று நிதி. அரசு உதவித்தொகை மாசியில் வரும். கட்டணம் ஆனியில் கேட்கப்படும் என்று கண்டோம். இடைப்பட்ட எட்டு மாதத்திற்கு வட்டியில்லாக் கைமாற்றாக ஒரு மாணவர்க்கு 12,000 ரூபாய் வீதம் ஐம்பது பேர்க்கு அளிக்க ஆறு லட்சம் ரூபாய் வேண்டும். உதவித்தொகை வந்ததும் அது திரும்பும். அடுத்த ஆனியில் மீண்டும் ஐம்பது பேர்க்குச் செல்லும். சிலர் திருப்ப இயலாமற் போகலாம். அச்சிறு பகுதியை நன்கொடையால் நிரப்பலாம். தானமாகக் கொடுத்தால் ஒருமுறை பயன்படும் அதே ஆறு லட்சம், கைமாற்றாகக் கொடுத்தால் பத்தாண்டில் ஐந்நூறு பிள்ளைகளுக்குக் கட்டண நாளில் கைகொடுக்கும். பெறுவோர்க்கும் இரந்தோம் என்னும் எண்ணம் எழாது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். இவ்வுதவிகள் யாவும் மக்கள் செலுத்தும் வரியிலிருந்து வருவன. அவற்றைக் கேட்பதில் நாணம் வேண்டா. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உதவித்தொகைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டறியுங்கள். அங்குள்ள அலுவலரிடம் உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். விண்ணப்பத்தின் எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதன் நிலையைப் பாருங்கள்.

பெற்றோர்களே, வீட்டிற்குச் சென்றதும் இன்றிரவே மூன்று தாள்களை எடுத்து அருகருகே வையுங்கள்: பிள்ளையின் ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இல்லையேல் வரும் திங்கட்கிழமையே திருத்தத்திற்கு விண்ணப்பியுங்கள்.